மூடி இருந்துச்சு

பெங்களூரில் அறுபதுகளில் ஒரு நாள், சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு வக்கீலும் அவர் மனைவியும். கறுப்புக் கோட்டு அவர் மடியில் சுருண்டு கிடந்தது.

“கன்னடத்துல சரியாத்தான் சொன்னேன். தமிழ்லதான் தப்பு,” என்றார்.

“என்ன உளர்றீங்க?”

“கம்பெனி மேல ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணை. கம்பெனி வக்கீல் நான். மெஷின்ல கை போன ஆளு தமிழன். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வராது. மெஷின் மூடியிருந்துச்சான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்கன்னார்.”

“கேட்டீங்களா?”

“‘மெஷினுக்கு மூடி இருந்துச்சா?’ன்னு கேட்டேன். ‘மூடி இருந்துச்சுங்க’ன்னான்.”

“அப்ப மூடித்தானே இருந்திருக்கு?”

“மூடின்னு ஒண்ணு இருந்துச்சுன்னான். அது கழண்டு மூலையில கெடந்துச்சு. நானே பார்த்தேன். இன்ஸ்பெக்டர்கிட்ட ‘முச்சித்து’ன்னுட்டேன். மூடியிருந்ததுன்னு எழுதிக்கிட்டார். கம்பெனி மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு.”

“அந்த ஆளுக்குக் கன்னடம் தெரியாதா?”

“ஊர்லேருந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது.”

அந்த அம்மா, “ஒண்ணுமே சொல்லலையா அவன்?” என்றார்.

“சொன்னான். போறப்ப ஒத்தக் கையால கும்பிட்டு, ‘நீங்க தமிழா இருந்ததாலதான் சார் என் பேச்சு எடுபட்டுது’ன்னான்.”

கண்டக்டர் வந்து, “எல்லிகே சார்?” என்று கன்னடத்தில் கேட்டார். வக்கீல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகுமிடத்தை மனைவிதான் சொன்னார்.