தண்ணி ஊத்தாத புல்வெளி

இருங்கம்மா, அந்த டேப்பைச் சுருட்டாதீங்க. என்ன, அதுக்குள்ள இந்தப் பக்கம் முடிஞ்சுதா? முன்பக்கம் புல்வெளி, நாலு குரோட்டன்ஸ். சரி, பின்பக்கம்? அங்கயும் புல்வெளிதான்னு யாரு சொன்னது, எங்கண்ணனா? அவரு சொன்னதை எழுதிக்கறதுன்னா ஆபீஸ்ல அவரையே அனுப்பியிருக்கலாமே. உங்க பூட்ஸாவது தேயாம இருந்திருக்கும்.

கோவிச்சுக்காதீங்க. கோவம் உங்க மேல இல்ல. சரி, கொஞ்சம் உங்க மேலயும்தான்.

நான் யாரா? அதையும் சொல்லலையா அவரு? இந்த மனையில பாதி என்னுதும்மா. அவரோட ஒரே தம்பி நான். சுவருக்கு அந்தப் பக்கம் மேட்டுல தெரியுதே, அந்த வாடகை வீட்டுலதான் குடியிருக்கேன்.

இந்தப் புல்லு போன மாசம் வரைக்கும் இங்க கிடையாது. லாரியில வந்துச்சு, பாயைச் சுருட்டற மாதிரி சுருட்டிக்கிட்டு. அதுக்கு முந்தி மெஷினை விட்டு எல்லாத்தையும் வழிச்சுப் போட்டாச்சு. கோரை, சம்பு, இன்னும் பேர் தெரியாத என்னென்னமோ, தண்ணியில வளர்றதெல்லாம் ஆள் ஒசரத்துக்கு நின்னுச்சு. என்னண்ணே இதுன்னேன். மனையைப் பார்க்க ஆள் வராங்கடா, சுத்தமா இருக்க வேணாமாங்கறாரு. ஏன், மனையை என்ன போட்டோவா எடுக்கப் போறாங்க, மூஞ்சி கழுவிப் பவுடர் பூசறதுக்கு?

இதை அவர்கிட்ட கேட்டேனாவா? கேக்கலம்மா. அவரை எதிர்த்து ரெண்டாவது வார்த்தை பேச எனக்கு வராது, சின்ன வயசுலேர்ந்தே. அதான் உங்ககிட்ட கொட்டறேன்.

விஷயம் இதுதான். பில்டர் ஒருத்தரு இங்க மாடி மாடியாக் கட்டணுங்கறாரு. தண்ணி நிக்கற எடம், வேணாம்ணேன்னு சொன்னேன். அதுக்கு அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? சரிடா, சர்க்கார் ஆபீஸ்லேர்ந்து வந்து செடிகொடியைப் பார்த்துச் சொல்லட்டும். ஈரநிலம்னு எழுதிட்டா நான் விட்டுடறேன். இல்லேன்னு எழுதிட்டா நீ வாயைப் பொத்திக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்னாரு. நியாயமாத்தானே இருக்குன்னு தலையாட்டிட்டேன். ஆட்டின தலை நிக்கறதுக்குள்ள மெஷின் வந்து நிக்குது!

இன்னிக்குப் பெருமை வேற. சுவரோரமா நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். விரிச்ச நாள்லேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலைங்க, எப்படிப் பச்சைப் பசேல்னு இருக்கு பாருங்கன்னு உங்ககிட்ட அளக்கறாரு. நீங்களும் ஆமாங்கன்னு சிரிக்கறீங்க. ஏம்மா, இந்த வெயில்ல தெருவுல வாசலுக்கு வாசல் ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, அப்பவும் புல்லு வைக்கோலாக் கிடக்கு. எங்கண்ணன் விரிச்ச புல்லு மட்டும் காத்தைக் குடிச்சா வளருது?

என்ன? அதை அப்பவே குறிச்சுக்கிட்டீங்களா? அப்ப அந்தச் சிரிப்பு... ஓ. அட! பின்ன டேப்பை ஏன் சுருட்டினீங்க? பின்பக்கம் கொண்டு போகவா? முன்னாடியே சொல்லக் கூடாதா, நான் பாட்டுக்கு உங்களைப் போட்டு வறுத்துக்கிட்டு இருக்கேனே!

வாங்க, வாங்க. பார்த்து வைங்க காலை, அமுங்கும்.

எது, இதுவா? புல்லுதானேம்மா. வெரல்ல உருட்டிப் பார்க்கணுமா? குடுங்க. ம்... உருள மாட்டேங்குது. மூணு பட்டையா இருக்கு. அட, கோரை! ஒசரமா இருந்தப்ப தெரிஞ்சது, தலையை வெட்டினதும் எனக்கே அடையாளம் தெரியல. ரெண்டு புல்லுப் பாய்க்கு நடுவுல இடுக்குல எட்டிப் பார்க்குது பாருங்க, யாரு வந்திருக்காங்கன்னு. அங்க ஒண்ணு. சுவர் வரைக்கும் வரிசையாப் போகுதே!

இது மட்டும் பத்தாதா? குழி தோண்டி மண்ணையும் பார்க்கணுமா? நல்லாத் தோண்டுங்க. யாரு வேணாங்கறா.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரமா? அண்ணன் ஏமாத்துக்காரரா இருந்தா சண்டை போட்டுட்டுப் போயிடுவேம்மா. அவரு எனக்கு நல்லது செய்யறேன்னு நெனைச்சுத்தான் இத்தனையும் பண்றாரு, அதான் வயித்தெரிச்சல். என் பங்குக்கு மேல் மாடியில வீடுன்னாரு முதல்ல. அப்புறம் அவரே யோசிச்சு மாத்திட்டாரு. நீ கீழ்வீட்டை எடுத்துக்கடா, லிஃப்ட் நின்னு போனா உன் பையனை எப்படித் தூக்கிக்கிட்டு ஏறுவேன்னாரு. பையன் நடக்க மாட்டாம்மா. பொறந்ததுலேர்ந்தே. முப்பது வயசாகுது, திருப்பிப் படுக்க வைக்கக்கூட நான்தான் வேணும்.

போன மழைக்கு, நான் கடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள, நீங்க நிக்கற எடத்துல தண்ணி என் இடுப்புக்கு இருந்துச்சு. அவன் கட்டில் என் முழங்கால் ஒசரம்தான்.