திருப்தி யாருக்கு என்று கேட்டவர்

கூட்டத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அண்ணனைப் பறிகொடுத்து நிற்கும் பீர் முஹம்மது சாகிப் அவர்களே, மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பட்டினப்பாக்கத்துக் கரையிலிருந்தும் வந்து, மண்டபம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வெரோனிகா. சாந்தோமில் பள்ளி ஆசிரியை. சர்க்கார் நியமனத்தில் சட்டசபைக்குப் போனவள். சுகாதார இலாகாக்களின் வருஷாந்தர அறிக்கைகளை ஆராயும் குழுவில் ஜனாப் வலியுல்லா சாகிப் பகதூர் அவர்களுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்து சற்றுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு முன் பேசியவர்கள் அவரை வள்ளல் என்றார்கள், கனவான் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் குழுவில் அவர் எங்களுக்குப் பெரிய தொல்லையாகவும் இருந்தார். அதையும் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாகும்.

அவர் வருவதற்கு முன் எங்கள் குழு எப்படி வேலை செய்தது தெரியுமா? அறிக்கை மேஜைக்கு வரும். காப்பியும் வரும். "வாசித்ததாகக் கொள்ளப்பட்டது" என்று செயலாளர் எழுதிக்கொள்வார். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவோம். யார் வாசித்தார்கள்? எப்போது வாசித்தார்கள்? கேட்பாரில்லை.

வலியுல்லா சாகிப் கச்சேரி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். புடவையைக் கடைசி மடிப்புவரை பிரித்துப் பார்க்காமல் வாங்கியும் அறியார், விற்றும் அறியார். அறிக்கையையும் அப்படித்தான் பார்த்தார். அது இங்கிலீஷில் இருக்கும். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதனால் வரிக்கு வரி தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லிக்கொண்டு வந்தேன். "பட்டினப்பாக்கத்துப் பிரசவ விடுதியின் பணி திருப்திகரம்" என்ற வரி வந்தது. கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"டீச்சரம்மா, திருப்தின்னு கீது. யாருக்குன்னு போடல்லியே?"

இங்கிலீஷில் அந்த வார்த்தையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஒரு தடவையாவது எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. தமிழில் சொன்ன பிறகுதான், திருப்திப்பட ஓர் ஆள் வேண்டுமே என்று எங்களுக்கு உறைத்தது. இலாகா அதிகாரி எழுந்தார். எந்த இலாகா என்று சொல்லமாட்டேன், அவர்களும் மரியாதை செலுத்த வந்திருக்கிறார்கள். "புகார் ஒன்றும் வரவில்லை, ஆகையால் திருப்திகரம்" என்று விளக்கினார்.

"அப்போ ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாம் சார்" என்றார் வலியுல்லா சாகிப்.

போனோம். இரண்டு மோட்டார் வண்டிகள், டவாலி போட்ட சேவகர்கள், அதிகாரிக்குக் குடை பிடிக்க ஓர் ஆள். விடுதிக் கதவில் பூட்டுத் தொங்கியது. வந்தவர்களில் ஒருவரிடமும் சாவி இல்லை. மீன்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று எங்களைப் பார்த்தாள். அவள் பெயர் பாஞ்சாலி.

"இன்னா நைனா, இம்மாம் பேரு வந்துகீறீங்கோ, ஒருத்தராண்டகூடவா சாவி இல்ல?"

நர்ஸ் ரஜாவில் இருப்பதாக அதிகாரி சொன்னார். பாஞ்சாலி கூடையை இறக்கி வைத்தாள்.

"என் பெரிய பொண்ணு இந்தக் கதவத்தான் தட்டிக்கினு கெடந்துச்சு. யாரும் தொறக்கல. அப்பால ஜட்கா புடிச்சோம். பெரியாஸ்பத்திரி போறதுக்குள்ள தாயும் போச்சு, புள்ளையும் போச்சு."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அதிகாரி நல்ல மனிதர்தான். அவரும் மனம் கலங்கி, "அப்போதே ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்கலாமே அம்மா" என்றார். அப்போது வலியுல்லா சாகிப் சொன்னதை என் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன்.

"யாரு சார் எழுதுவாங்க? புகார் சொல்லவேண்டியவதான் செத்துட்டாளே."

சொல்லிவிட்டு, வெள்ளை ஷேர்வானியோடு அந்த மணலிலேயே உட்கார்ந்தார். இன்றைய குழுக்கூட்டம் இங்கேதான், சாவி வந்தபிறகு எழுந்திருக்கலாம் என்றார். பிறகு நாங்கள் என்ன செய்வது? நாங்களும் உட்கார்ந்தோம். பொழுது சாயும்போது சாவி வந்தது. அடுத்த வாரம் நர்ஸ் வந்தார். அன்றுமுதல் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

ஆனால் இன்னும் எத்தனை நாளைக்கு?

அன்பர்களே, இந்த ஆண்டு அறிக்கை வந்திருக்கிறது. அங்கே பிரசவங்கள் குறைவாம், விடுதியை மூடிவிடலாமாம். அதற்கு வலியுல்லா சாகிப் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். அதுதான் அவருடைய கடைசிக் கையெழுத்து. உறுப்பினர் காலமானால் அவருடைய ஆட்சேபணையும் காலமாகிவிடும் என்பது விதி. குழுத் தலைவர் இணங்கினால் மட்டும் வேறோர் உறுப்பினர் அதைத் தம் பெயரில் எழுப்பலாம். நான் விண்ணப்பித்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. வரும் புதன்கிழமை குழு கூடுகிறது.

பாஞ்சாலி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள், அதோ பின்வரிசைத் தூணருகே. அவளுடைய இளைய மகளுக்கு இது நிறைமாதம்.

வலியுல்லா சாகிப்புக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்? படம் திறக்கலாம் என்றார் ஒருவர். வீதிக்குப் பேர் வைக்கலாம் என்றார் இன்னொருவர். செய்யுங்கள், நானும் சந்தா தருகிறேன். என்னால் முடிந்த உறுதி ஒன்றுதான். இனி எந்தச் சுகாதார அறிக்கை வந்தாலும் அதைக் குழுவில் வரிக்கு வரி தமிழில் உரக்க வாசிப்பேன். அங்கே கூடாது என்றால் இந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்து உங்கள்முன் வாசிப்பேன். அவருடைய தொல்லை அவரோடு போய்விட்டது என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம்.

எங்கள் குழுத் தலைவர் சுப்பராமன் அவர்கள் இதே மேடையில் இருக்கிறார்கள். சற்றுமுன் மறைந்தவரைப் பற்றி மனமுருகப் பேசினார்கள். ஐயா, இரங்கல் கூட்டத்தில் இதைக் கேட்பது மரியாதை ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன். வலியுல்லா சாகிப்பின் ஆட்சேபணையை நான் எடுத்துக்கொள்ளத் தாங்கள் அனுமதிக்கிறீர்களா?

தலையசைக்கிறீர்கள். மிக்க நன்றி ஐயா. ஆனால் தூணருகே நிற்கிறவளுக்கு அது தெரிந்திருக்காது. தயவுசெய்து எழுந்து, அவள் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.