நேர்த்தி வைத்த கை

நான் வைக்கும் மீன் சொதிக்கு மன்னாரில் எங்கள் கீரிக் கிராமத்தில் நல்ல பெயர். "மில்ரன் வைக்கிற ருசி எனக்கே வராது" என்று மாமியார் எடித் வாய்விட்டுச் சொல்லுவார். மனைவிக்குக் கை முறிந்தால் கடைச் சாப்பாடு வாங்கிப் போடுகிற ஆண்களும் ஊரில் இருக்கிறார்கள். நான் சமைத்தேன், முள் எடுத்து ஊட்டினேன், தலை இழுத்துப் பின்னிவிட்டேன். இதையும் நீங்கள் உங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், சேர்.

என் மனைவி டிலோஜினி ஓட்டோ ஓடுபவள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பிறகு பெண்களை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஏற்றிப்போவாள். ஓட்டோ புறப்படும் சத்தம் கேட்டாலே எனக்கு நிம்மதி போய்விடும். எங்கே நிற்கிறாள், யாரோடு சிரிக்கிறாள் என்று, வலை இழுக்கும்போதும் அதே நினைப்பு. ஒருநாள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று பயந்தேன். இப்படிப் பயப்படுகிறவனை அன்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஓலைத்தொடுவாய் வீதியில் கழுதை ஒன்று குறுக்கே வந்து ஓட்டோ புரண்டது. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. வலது மணிக்கட்டு நொறுங்கி, ஒப்பரேசன் செய்து தகடு வைத்தார்கள். செய்தி கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஓட்டோ முற்றத்தில் சும்மா நின்றது. கலியாணம் கட்டிய பிறகு நான் பயமில்லாமல் தூங்கியது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது விரல்கள் வீங்கி, முன்கை மெலிந்து கிடந்தது. அங்கே கைக்குப் பயிற்சி கொடுக்கிற நூர்ஜஹான் மிஸ் சின்னப் பெண்தான். ஈரத்துணியைப் பிழியவும், அரிசிக்குள் கையைப் புதைத்து விரல்களை விரித்து மடக்கவும் காட்டிக்கொடுத்தார்.

"நோகும் அக்கா. நோகுதெண்டு விட்டா கை இறுகிப்போயிடும். தசைக்கு வேலை குடுத்தாத்தான் பலம் வரும்."

"ஓட்டோ ஓடலாமா மிஸ்?"

"அக்சிலேற்றரை முறுக்கிற பலம் வந்தா ஓடலாம். ஒழுங்காச் செய்தா கட்டாயம் வரும்."

டிலோஜினி சிரித்தாள். அன்றிரவு நான் தூங்கவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் நான் மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். ஆவணித் திருவிழா வரை அவள் அந்தக் கையை அசைப்பதில்லை, சுகம் வந்தால் இருவரும் மடுக் கோயிலுக்கு நடந்தே போவோம் என்று. முறிந்த எலும்பை அசைக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்கள் காலம் காலமாகச் சொல்வதுதான். அதற்கு மேல் நேர்த்தியும் சேர்ந்தால் யார் மீறுவார்கள்? அதன் பிறகு நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டி வரவில்லை. எல்லாம் எடித்தே பார்த்துக்கொண்டார்.

"மாதாவுக்கு வச்ச நேர்த்தியை முறிச்சா குடும்பத்துக்கே கூடாது பிள்ளை. கையை ஆட்டாம இரு."

"மிஸ் ஆட்டச் சொன்னவா அம்மா."

"மிஸ் பெரிசோ, மாதா பெரிசோ?"

தினமும் காலையில் கையைப் பலகையோடு சேர்த்து நானே துணியால் கட்டினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான். கிளினிக்கில், "நான்தான் மிஸ், பக்கத்தில இருந்து செய்விக்கிறனான்" என்றேன். நூர்ஜஹான் மிஸ் அவளிடம் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், செய்யிறன்" என்றாள். விரல்கள் மடங்கவில்லை. கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தாள். கோப்பையை நான் பிடித்தேன். நாங்கள் சந்தோஷமாக இருந்த காலம் அது.

ஒருநாள் காற்றுக் கடுமையாகிக் கடலிலிருந்து வேளைக்கே திரும்பினேன். குசினியில் டிலோஜினி நான் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டு, மணிக்கட்டு வரை அரிசி வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழிந்தது. அரிசி மட்டும் அசைந்தது. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"சோத்துக்கு அரிசி எடுக்க வந்தனான்" என்றாள்.

பின்னேரம் அவள் கையைத் தடவிப் பார்த்தேன். முன்கை தேறியிருந்தது. கட்டு மாற்றும் சாக்கில் விரலைப் பிடித்தபோது, திருப்பிப் பிடிக்கிற பலம் தெரிந்தது. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதைதான். என்னை விட்டுவிட்டு அவள் அந்த மிஸ்ஸை நம்பியிருக்கிறாள்.

அந்த வாரமே முற்றத்தில் ஓட்டோ இரையும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வலது கையால் முறுக்கிக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

"சும்மா, ஸ்ராட் வருதோ எண்டு பாத்தனான்."

நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் அது பிழை. நான் பயந்துபோயிருந்தேன். கதவைச் சாத்தி, அவளைக் கதிரையில் இருத்தி, "வாரும், பயிற்சி செய்வம்" என்றேன். முழங்கையைக் கதிரைக் கையோடு என் முழங்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, கையைப் பின்பக்கமாக மடக்கினேன்.

"நோகுது, விடுங்கோ."

"நோகும்தான். மிஸ் சொன்னவாதானே."

ஓரிடத்தில் கை அதற்கு மேல் போகாது என்று தெரிந்தது. சேர், தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துதான் மேலும் மடக்கினேன். உள்ளே தகடு விட்டுக்கொடுத்தது என் விரல்களுக்கே தெரிந்தது. அதன் பிறகும் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் முகத்தைக் கழுவிவிட்டு, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நேர்த்தியை முறித்தபடியால் விழுந்துவிட்டாள் என்று எடித்திடம் சொன்னேன். அவர் நம்பி மகளைத்தான் ஏசினார். நூர்ஜஹான் மிஸ் நம்பாமல் உங்களிடம் வந்திருக்கிறார். அந்தக் கை இனி எதையும் முறுக்காது என்று டொக்டர் சொன்னாராம். அதைக் கேட்டபோது நான் அழுதேன். ஆனாலும் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

நான் கொடுமைக்காரனா இல்லையா என்று டிலோஜினியிடமே கேளுங்கள். ஆனால் தனியாகக் கேட்க வேண்டாம், வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவள் உண்மையைச் சொல்லுவாள்.