பஸ்தியானின் கடைவாய்ப்பல்

என் கணவர் பஸ்தியானுக்குப் பாட வராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், டாக்டர். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் பற்கள் பிறகுதான் வருகின்றன.

கழுதைகளுக்கு முடி வெட்டுவது அவர் தொழில். ஸ்பெயினின் தெற்கே எங்கள் லெப்ரிஹா ஊரில் பாடத் தெரியாத ஒரே ஜிப்சி என்று ஊரே கேலி செய்யும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் இறந்து ஐந்தாம் மாதம் தலைநகர் மத்ரீதிலிருந்து தோன் எவாரிஸ்தோ வந்தார். பழைய பாட்டுகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். எங்கள் பக்கத்தில் ஒரு பாணியை யார் உண்டாக்கினாரோ அவர் பெயர்தான் அதற்கும் பெயர். விட்டுப்போன பெயர்களைத் தேடி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்தியானின் கல்லறையில் அப்போது மரப்பலகைதான். இரண்டே மழையில் பெயர் கரைந்துவிட்டது. புத்தகம் நனையாது என்று நினைத்தேன்.

"பஸ்தியான் பாணின்னு ஒண்ணு இருக்குதுங்க," என்றேன்.

"கொஞ்சம் பாடிக் காட்டுங்கம்மா."

பஸ்தியான் குரலில் எனக்கு நினைவிருந்த ஒரே நீண்ட ஒலி, கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று போட்ட அலறல். கன்னத்தைப் பொத்திக்கொண்டு அதையே பாடினேன். மூன்று முறை ஏறும், நடுவில் முறியும், கடைசியில் "அம்மா" என்று விழும். தோன் எவாரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புத்தகத்தில் அதற்குப் பதினோரு பக்கம். கப்பலில் துடுப்பு வலித்த கைதிகளின் துயரம் அதில் கேட்கிறதாம்.

அடுத்த ஆண்டு பாட்டுப் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். பஸ்தியான் பாணியைப் பாடியே ஆக வேண்டும் என்று விதி. அறிவிப்பு வந்த அன்றைக்கே, பஸ்தியானின் பல்லைப் பிடுங்கிய சவரக்காரர் சகரியாஸ் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏ மிலாக்ரோஸ், அந்தப் பாட்டு என் நாற்காலியில பொறந்ததும்மா. குறடு என் கையில இருந்துச்சு. அந்தப் பெரிய மனுஷன்கிட்ட சொல்லத்தான் போறேன்."

சொன்னால் அடுத்த பதிப்பில் பஸ்தியான் இருக்க மாட்டார். எனக்குக் கோபமில்லை. யோசித்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் உத்ரேராவிலிருந்து ஒரு பாடகன் வந்தான்.

"எவ்வளவு கத்தியும் அந்த முறிவு வரமாட்டேங்குதுக்கா."

"எல்லாப் பல்லையும் வெச்சுக்கிட்டுப் பாடினா எப்படிப்பா வரும்? சகரியாஸ் அண்ணன்கிட்ட போ. அவருக்குத் தெரியும்."

போனான். முறிவு வந்துவிட்டது. பிறகு மற்றப் பாடகர்களும் வரிசையில் நின்றார்கள். யாரையும் யாரும் கட்டிவைக்கவில்லை, அவர்களே வாயைத் திறந்தார்கள். ஹெரேஸ் ஊர்க்காரர் ஒருவர் முன்யோசனையுடன் இரண்டு பக்கமும் பிடுங்கிக்கொண்டார். மூன்றாவது ஆளுக்குப் பிறகு சகரியாஸ் தோன் எவாரிஸ்தோவின் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாவது நாற்காலி போட்டார்.

மொத்தம் பத்தொன்பது பற்கள். ஒன்றுகூடச் சொத்தையில்லை. அனுப்பியது நான்தான்.

போட்டியன்று கறுப்பு உடையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பரிசு உத்ரேராக்காரனுக்கு. கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கூட்டமே அழுதது.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று தோன் எவாரிஸ்தோ கேட்டார்.

"குறையில்லைங்க. ஆனா எங்க வீட்டுக்காரர் பாடுற உருக்கம் வரலை."

அவரிடம் நான் சொன்னவற்றிலெல்லாம் அது ஒன்றுதான், டாக்டர், முழு உண்மை.