கைச்சக்கரம் கழற்றிய மெஷின்

மதியம் பன்னிரண்டு தாண்டிய நேரம். உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் பக்கம் போகிற சாலை. ஆள் இல்லை, வண்டி இல்லை. புளியமரத்து நிழல்கூட மரத்தடியை விட்டு வெளியே வரவில்லை. ராஜாராம் சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, தன் சொந்தப் பட்டறைக்குள் திருடன் மாதிரி பதுங்கிப் போகிறார்...

என்ன முனிரத்தினம், சிரிக்கிறாய்? பட்டப்பகலில் என்ன பேய் என்றா? உச்சிவேளையில் தனியாகப் போகாதே என்று உன் அம்மா உனக்குச் சொன்னதே இல்லையா? எல்லோரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிற வரைக்கும் நமக்கு வேறு வேலையும் இல்லை.

இந்த ராஜாராம் என் கூட்டாளி பாண்டுரங்கனுடைய அக்கா வீட்டுக்காரர். எண்பத்தேழில் நடந்தது. வயல்களுக்கு நடுவே கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தார். அதில் ஒரு பழைய மில்லிங் மெஷின். அதன் மேஜையில் இரும்பைக் கட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றினால் மேஜை நகரும், மேலே சுழல்கிற கட்டர் இரும்பைச் சீவும். அந்தச் சக்கரத்தைச் சுற்றியவர் கன்னியப்பன். வெகுகாலமாக அவர்தான். மேஜையை நகர்த்துகிற திருகு தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. அதற்காக அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். அளவு நெருங்கியதும் அரைச் சுற்று பின்னால் போவார்... ஒரு மூச்சு நிற்பார்... மறுபடி மெதுவாக முன்னால் வருவார். க்ரீக்... அப்புறம் சத்தமே இல்லை... க்ரீக். பட்டறையில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம் அது.

மெட்ராஸில் எண்களைத் தட்டினால் தானே ஓடுகிற சி.என்.சி. மெஷினைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ராஜாராமுக்குத் தூக்கம் இல்லை. புதுசு வாங்க வசதி ஏது? இருந்த மெஷினையே மாற்றினார். கைச்சக்கரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். அந்த இடத்தில் மோட்டார் வைத்து, பெல்ட் மாட்டி, பக்கத்தில் ஒரு கன்ட்ரோல் பெட்டியை நிறுத்தினார். எண்களைத் தட்டிவிட்டால் திருகு தானே சுற்றும். கன்னியப்பனுக்கு இனி இரும்பை ஏற்றி இறக்குகிற வேலை மட்டும். மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. ராஜாராமுக்கு அதுதான் உறுத்தியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நம்பியிருப்பார்.

காலையில் பீஸ்கள் இம்மி பிசகாமல் வந்தன. சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்தி, பட்டறையைப் பூட்டி, வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து ஓட்டினால்... எல்லாம் அளவு தப்பு. தினமும் இதே கதை. அந்தப் பெட்டி குருடு. விட்ட இடத்திலேயே மேஜை இருக்கிறது என்று நினைத்து அது பாட்டுக்கு ஓட்டும். இடையில் யாராவது திருகைச் சுற்றியிருந்தால் அதற்குத் தெரியாது. ஆக, யாரோ சுற்றுகிறார்கள். இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? கன்னியப்பனிடம்.

ஆர்டர் கொடுத்த கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது. அன்றைக்கு ராஜாராம் மெஷின் முன்னால் கற்பூரத்தை ஏற்றினார்.

"இதும்மேல கை வைக்கலன்னு அணைச்சி சத்தியம் பண்ணு."

கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை, உங்களுக்கே தெரியும். கன்னியப்பன் வலது கையால் பட்டென்று அணைத்தார்.

"மத்தியானம் வூட்ல படுத்துக்கினு கீறேன் மொதலாளி. வேலைய வுட்டு நிறுத்துனாலும் பரவால்ல. மிஷின கெடுத்தவன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்பால எவன் என்னை வேலைக்கு வெச்சிப்பான்?"

ராஜாராம் அதைத்தான் ஊரெல்லாம் சொன்னார். சாவியைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்டார். சுற்றுவட்டாரத்தில் ஒரு பட்டறைக்காரனும் கன்னியப்பனை உள்ளே விடவில்லை. எனக்கு இந்த ராஜாராம் மேல் இன்றைக்கும் கோபம்தான். சத்தியம் கேட்கிறவன் நம்பவாவது வேண்டாமா?

சரி, ஆளைத் துரத்தியாயிற்று. பீஸ் சரியாக வந்ததா? வரவில்லை. பூட்டை மாற்றினார். வாசலுக்கு உள்பக்கம் அடுப்புச் சாம்பலைத் தூவிவைத்துப் பார்த்தார். ஒரு காலடிகூட இல்லை. அப்போதும் அளவு தப்பு. கன்னியப்பன் கூரை ஓட்டைப் பிரித்து இறங்குகிறான் என்று முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்த உச்சிவெயிலில் பதுங்கிப் போனார்.

உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். மெயின் சுவிட்சை அணைத்தார். எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் குந்தினார். கட்டர் சூடேறாமல் இருக்க ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீரின் புளித்த நாற்றம். கொஞ்ச நேரத்தில் அதையும் மீறி... கற்பூர வாசனை.

க்ரீக்...

எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. மோட்டாரில் கரண்ட் இல்லை. பெல்ட் மட்டும் ஓடியது. திருகின் முனை அரைச் சுற்று பின்னால் போனது... ஒரு மூச்சு நின்றது... மெதுவாக முன்னால் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ராஜாராமுக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகம். செய்வினை வைத்துவிட்டான் என்றுதான் அப்போதும் நினைத்தார். பெரிய பைப் ரெஞ்சை எடுத்துத் திருகின் முனையைக் கவ்வினார். அது நிற்கவில்லை, அவரையும் சேர்த்து இழுத்தது. ரெஞ்சின் பிடி மேல் முழு பாரத்தையும் போட்டு எதிர்ப்பக்கமாக அழுத்தினார்.

டக்.

எல்லாம் நின்றது. ரெஞ்சை அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகக் கன்னியப்பன் வீட்டுக்குப் போனார். வழியில் யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதைப் பாண்டுரங்கனிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

வாசலில் கன்னியப்பன் பெண்சாதி பாஞ்சாலி எதிரே ஓடி வந்தாள்.

"தூங்கிக்கினுதான் இருந்தாரு மொதலாளி. சக்கரத்த கழட்டுன நாள்லேர்ந்து மத்தியானத் தூக்கத்துல கை மட்டும் சுத்தும். எயுப்புனாலும் எயுந்துக்க மாட்டாரு. இப்ப இன்னா ஆச்சின்னே தெரியல... கை தானா திரும்பிக்கிச்சி..."

ராஜாராம் குனிந்து உள்ளே போனார். பாயில் கன்னியப்பன் மல்லாந்து படுத்திருந்தார். மூச்சு சீராக வந்தது. வலது கை மணிக்கட்டில் பின்பக்கமாக மடங்கி, வீங்கிக் கிடந்தது. விரல்கள் மட்டும் எதையோ பிடித்திருப்பது போல் வளைந்திருந்தன.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"மொதலாளி... ரெஞ்ச கழட்டிடுங்க. நோவுது."