மஞ்சள் துணிப் பறவைகள்

பழைய பீங்கானுக்கு ஈரத்துணி ஆகவே ஆகாது, ஐயா. உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். என் மனைவி தொமியேவிடம் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள். மற்றபடி எங்களுக்குள் சண்டை கிடையாது.

கனசாவாவில் பல் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததில் பாதி பீங்கான் பறவைகளுக்கே போனது. ஹிராடோ ஊர்ச் சூளையில் செய்த வெள்ளைப் பருந்து, காடைகள், ஒரு ஜோடி வாத்து.

"பிள்ளை இல்லாத வீட்டுல இதுங்களாவது முட்டை போடுமான்னு பாக்குறீங்களா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொன்று வாங்குவேன்.

நிலநடுக்கம் வந்த காலையில் அவள் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். துணி பீரோ அவள்மேல் சாய்ந்து, பறவைகளின் கண்ணாடி அலமாரியில் முட்டி நின்றது. பீரோவைச் சுவரோடு பிணைத்திருந்த இரும்புப் பட்டை எங்கே என்று உங்கள் விசாரணையில் கேட்டீர்கள். போன இலையுதிர்காலத்தில் நான்தான் கழற்றிக் கண்ணாடி அலமாரிக்குப் போட்டேன். கடையில் வேறு பட்டை இருந்தது. போகச் சோம்பல்.

பீரோவைத் தூக்கினால் கண்ணாடி அலமாரி ஆடும். அதனால் முதலில் பறவைகளை இறக்கினேன். பட்டை போட்ட அலமாரி எப்படி ஆடும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அன்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த அதிர்வு வருமென்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு பறவையையும் மஞ்சள் சாயத் துணியில் சுற்றி, அதனதன் மரப்பெட்டியில் வைத்து, நாடாவைக் கட்டினேன்.

"ஏங்க, காலு மரத்துப்போச்சு. கொஞ்சம் தூக்குங்களேன்."

"இதோ வந்துட்டேன், தொமியே."

"பருந்தோட பெட்டியத் தேடாதீங்க. பரண்ல, போர்வைக்குப் பின்னாடி இருக்கு. எடுத்து வச்சிட்டாவது சீக்கிரம் வாங்க."

அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. என்னை அப்படி அறிந்தவர்கள் இனி யாரும் இல்லை. வீட்டுக்குப் போனால் ஈரத்துணியோடு நிற்பாள் என்றே இன்னும் நினைக்கிறேன்.

அக்கம்பக்கத்தார் விபத்து என்கிறார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள். பறவை ஒன்றுகூட உடையவில்லை, எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. பீரோவும் அவ்வளவு கனமில்லை, நான் ஒருவனே தூக்கியிருப்பேன். ஆனால் கடைசிப் பெட்டியின் முடிச்சு கோணலாக விழுந்துவிட்டது. அவள் கூப்பிடக் கூப்பிட, அதை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்போதுதான் இரண்டாவது அதிர்வு வந்து, முட்டி நின்ற பீரோ நழுவி அவள்மேல் விழுந்தது.