தேய்ந்துபோன இரண்டு சிங்கங்கள்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. கரண்டிதான் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

என் பெயர் டிட்மார்ஷ். திருமதி ஃபாதர்கில் அம்மாவின் மாளிகையில் முப்பத்தொரு வருடமாக பட்லர். மெழுகுவர்த்தி ஏற்றும் வெள்ளிக் கிளைவிளக்கு ஒரு ஜோடி என் பொறுப்பில் இருந்தது. இருநூறு வருடத்துக்கு முன் லண்டன் தட்டார் ஒருவர் செய்தது. கொடிபோல் முறுக்கிய மூன்று கிளைகள். கிளைகளை எங்கே ஒட்டிப் பற்றவைத்தார் என்று பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. ஒவ்வொன்றின் அடியிலும் நடைபோடும் ஒரு குட்டிச் சிங்கம், முத்திரையாக. நம் நாட்டில் சிங்கம் சாட்சி சொன்னால்தான் வெள்ளி வெள்ளி.

ஆயுதம் எது என்று கேட்டீர்கள். இந்தக் கட்டைவிரல்தான். எங்கள் தொழிலில் துணியை நம்பமாட்டோம். மெருகேற்றும் சிவப்புப் பொடியைக் குழைத்து வெறும் விரலால் தேய்ப்போம். கொப்புளம் வரும், உடையும், பிறகு தோல் காய்த்துவிடும். அதற்கப்புறம் எந்த அழுக்கும் நம்மிடம் வாலாட்டாது.

முதல் விளக்கின் சிங்கம் அப்படித் தானாகப் போனதுதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகரும்.

மாளிகைக் கூரை ஒழுகியது. விளக்குகளை விற்றுக் கூரையைச் சரிசெய்யப் போவதாக அம்மா சொன்னார். வாங்குகிறவர் மெழுகை வழியவிட்டுக் கத்தியால் சுரண்டுவார். விடுவேனா? பொடியைக் குழைத்தேன். இரண்டாவது சிங்கத்துக்குப் பதினோரு நாள் ஆனது.

வியாபாரி அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"டிட்மார்ஷ், சிங்கம் எங்கப்பா போச்சு?" என்றார் அம்மா.

"அழுக்கைத்தாம்மா எடுத்தேன்."

"இனிமே நான் எங்கப்பா படுக்கிறது?"

நியாயமான கேள்வி. அந்த வாரமே கூரை அவர் கட்டில்மேல் இறங்கியது. விளக்குகளும் அதே அறையில் இருந்தன. ஓடிப்போய்த் தூக்கிவந்து, துடைத்து, உறையில் போட்டு, முடிச்சும் போட்டேன். பிறகு அம்மா நினைவுக்கு வந்தார். ஒரு கால் மட்டும்தான் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே உங்களுக்குப் புகார் எழுதியிருக்கிறார், பாவம்.

கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்று முறை அழுத்தியும் ரேகை பதியவில்லை என்கிறீர்கள். அதுவும் சிங்கத்தோடு போயிருக்கும். பரவாயில்லை, வேண்டுமென்றே செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இன்றுவரை ஒரு பொருளையும் நான் பாழாக்கியதில்லை.

அந்த மைப்பெட்டியை இப்படித் தள்ளுங்கள், ஐயா. பித்தளை மூடியில் எழுத்து வடிவில் கொஞ்சம் அழுக்கு இருக்கிறது.